உள்ளூர்ப் பேச்சாளரிடம் ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஆண்டுதோறும் ஒட்டப்படும் சுவரொட்டி ஒன்று உண்டு. கலை, அறிவியல், கல்வி, களச் செயற்பாடு என நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ‘உள்ளூர்ப் பேச்சாளர்’. ஒவ்வொருவருக்கும் பதினைந்து அல்லது பதினெட்டு நிமிடங்கள். நாட்டார் பாடகர் ஒருவர், விதைகளைக் காத்துவரும் உழவர் ஒருவர், மலைக் கிராமப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், மணற்கொள்ளைக்கு எதிராக வழக்குத் தொடுத்த பெண் ஒருவர். பேசி முடித்ததும் அரங்கு எழுந்து நின்று கைதட்டுகிறது. சால்வை போர்த்தப்படுகிறது, நினைவுப் பரிசு வழங்கப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. பிறகு தேநீர் இடைவேளை.

இடைவேளைக்குப் பின் வேறொரு நகரிலிருந்து வந்த பேராசிரியர் பேசுகிறார். அவருக்கு ஐம்பது நிமிடங்கள். முடிந்ததும் இருபது நிமிடங்கள் கேள்விகள். “உங்கள் தரவு இந்த முடிவைத் தாங்குமா?” என்கிறார் ஒருவர். “இதற்கு மாறான சான்று உண்டே” என்கிறார் இன்னொருவர். பேராசிரியர் விடை சொல்கிறார், தடுமாறுகிறார், ஒரு கருத்தைத் திருத்திக்கொள்கிறார். அவரை யாரும் அவமதிக்கவில்லை. மறுக்கத் தகுந்த ஒன்றைச் சொன்னவர் என்று அவரை அந்த அவை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முன்னவருக்குக் கிடைத்தது கைதட்டல். பின்னவருக்குக் கிடைத்தது கேள்வி. கல்விப்புலத்தில் இவ்விரண்டில் எது உயர்ந்த மரியாதை என்பது முதலாண்டு ஆய்வு மாணவருக்கும் தெரியும். உள்ளூர்ப் பேச்சாளரின் முன் கேள்வி எழாமல் இருப்பதற்குப் பணிவு காரணமன்று. அவர் சொன்னது அறிவு என்ற வகையில் வைக்கப்படவே இல்லை. உருக்கம் என்ற வகையில் வைக்கப்பட்டது. உருக்கத்தை எவரும் மறுப்பதில்லை. எனவே அதை எவரும் மேற்கோள் காட்டுவதும் இல்லை.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவானது. 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய டெட் மாநாடு, ஓர் உரைக்குப் பதினெட்டு நிமிடம் என்ற உச்சவரம்பை உலகெங்கும் பழக்கியது. 2009-இல் உள்ளூர் அமைப்பாளர்கள் உரிமம் பெற்று நடத்தும் டெட்எக்ஸ் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் மைசூரில் டெட்இந்தியா நடந்தது. அதன்பின் பொறியியல் கல்லூரி முதல் கலைக் கல்லூரி வரை அந்த வடிவம் பரவியது. சிவப்பு வட்டக் கம்பளம் இல்லாத கல்லூரிகளும் அதன் உள்ளமைப்பை எடுத்துக்கொண்டன: ஒருவர் பேசுவார், பலர் கேட்பார்கள், இடைமறிப்பு கிடையாது, உரையின் முடிவில் ஒரு நம்பிக்கைச் செய்தி இருக்க வேண்டும். பேச்சாளருக்கு ஊதியம் தரக்கூடாது என்பது டெட்எக்ஸ் விதி. மாதச் சம்பளம் பெறும் அறிஞருக்கு அது பொருட்டில்லை. அவருக்கு மேடையே ஊதியம். தினக்கூலியில் வாழும் நாட்டார் கலைஞருக்கு அது ஒரு நாள் வருமான இழப்பு. இரு வேறு வாழ்நிலைகளின் மீது ஒரே விதி விழும்போது, சுமை ஒருவர் தோளில் மட்டுமே ஏறுகிறது.

அந்த நிறுவனம் உருவாக்கியது ஒரு காட்சி வடிவம். அதற்கு அதன் பயன் உண்டு. 2017-இல் அதே வடிவம் ஷாருக் கான் தொகுத்து வழங்க இந்தியிலேயே தொலைக்காட்சிக்கு வந்தது என்பதும் நினைவுகொள்ளத் தக்கது. பழிக்கப்பட வேண்டியவை அதைக் கருத்தரங்குக்கு மாற்றாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள். காட்சியை நடத்துவோருக்குக் கேள்வி தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கேள்வியைத் தவிர வேறு வேலை இல்லை.

மொழியியல் இந்தக் குற்றத்தை நன்றாக அறியும். ஏனெனில் அது தானே செய்த குற்றம். அத்துறையில் ‘பேச்சாளர்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: ஒரு மொழியைப் பேசுபவர். நெடுங்காலம் அவர் களக்குறிப்பேடுகளில் ‘தகவலாளி’ என்றே அழைக்கப்பட்டார். சொற்பட்டியலைக் காட்டிக் கேட்டார்கள்; அவர் சொன்னார்; ஒலிப்பதிவுக் கருவி பதிந்தது. இலக்கணம் வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் அட்டையில் இருந்தது, தகவலாளியின் பெயர் நன்றியுரையில் இருந்தது, சில வேளைகளில் அங்கும் இல்லை. பின்னாளில் ‘தகவலாளி’ என்ற சொல் நாகரிகமற்றதாகத் தோன்றி ‘ஆலோசகர்’ என்று மாறியது. சொல் மாறிய அளவுக்கு வேலைப் பிரிவினை மாறியதா என்பதை ஒவ்வொரு ஆய்வேடும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும்.

2010 ஜனவரியில் அந்தமானில் போவா என்ற முதிய பெண் இறந்தார். பேரந்தமான் மொழிகளுள் ஒன்றான அகா-போவின் கடைசிப் பேச்சாளர் அவர். மொழியியலறிஞர் அன்விதா அப்பி அவரோடு பல ஆண்டுகள் பணியாற்றி அம்மொழியை ஆவணப்படுத்தியிருந்தார். தன் மொழியில் மறுமொழி சொல்ல மனிதர் எவருமின்றி போவா பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதும் அப்பதிவுகளின் வழியே தெரியவந்தது. உலகச் செய்தித்தாள்கள் ‘கடைசிப் பேச்சாளர்’ என்று தலைப்பிட்டன. அந்தத் தலைப்பில் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. பேச்சாளர் என்பவர் கேட்பவர் இருக்கும்வரைதான் பேச்சாளர். மறுமொழி சொல்ல எவரும் இல்லாத நாளிலேயே அந்த மொழி பேச்சு என்ற நிலையை இழந்துவிட்டது. மேடையில் ஏற்றப்பட்டு, கைதட்டப்பட்டு, கேள்வியின்றி இறக்கிவிடப்படும் உள்ளூர்ப் பேச்சாளரின் நிலையும் சிறிய அளவில் இதுவே. அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தது, உரையாட ஆள் கிடைக்கவில்லை.

இனி மொழிக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். பிலியும் அதன் கிளைமொழிகளும் பேசுவோர் ஒரு கோடிக்கும் மேல். கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம். பிலியும் கோண்டியும் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் இல்லை. ஆங்கிலமும் அதில் இல்லை. ஆயினும் ஆங்கிலத்துக்குக் கருத்தரங்கு அரங்கு முழுவதும் திறந்திருக்கிறது. பிலி பேசும் மருத்துவச்சி அதே அரங்குக்கு அழைக்கப்படும்போது, “இந்தியிலேயே பேசுங்கள் அம்மா, எல்லாருக்கும் புரியும்” என்று அன்போடு சொல்லப்படுகிறது. அந்த அன்பு அவருடைய அறிவில் பாதியை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்கிறது.

இது உணர்ச்சிவசப்பட்ட மிகை அன்று. இலக்கணம் காட்டும் உண்மை. லடாக்கி மொழியை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது, அதைக் கண்ணால் கண்டாரா, காதாலோ தொடுகையாலோ உணர்ந்தாரா, முன்பே தமக்குத் தெரிந்ததாகச் சொல்கிறாரா என்ற வேறுபாட்டை வினையே காட்டிவிடும். ‘துக்’ என்றால் கண்டது. ‘ரக்’ என்றால் பார்வையல்லாத புலனால் அறிந்தது. ‘யோத்’ என்றால் பேசுபவர் தாமே நன்கறிந்தது. லடாக்கி உழவர் ஒருவர் தம் ஊருக்கு மேலுள்ள பனிப்பாறை பின்வாங்குவதைப் பற்றித் தம் மொழியில் பேசினால், ஒவ்வொரு வாக்கியத்தோடும் அதன் சான்றின் தன்மையும் சேர்ந்தே வரும். எதைப் பார்த்தார், எதை உணர்ந்தார் என்பது தனித்தனியே நிற்கும். அவரை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்ன உடனே அந்த வேறுபாடுகள் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது, “முன்பு பனி அதிகம், இப்போது குறைவு” என்ற தட்டையான வாக்கியம். அதைக் கேட்ட அறிஞர், “சுவையான அனுபவம், ஆனால் சான்றின் தன்மை தெளிவாக இல்லை” என்று குறித்துக்கொள்கிறார். சான்றை உதிர்த்தவர் யார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

உள்ளூர்ப் பேச்சு என்றால் இப்படித்தான் இருக்க முடியும் என்பதும் பொய். இந்த நாட்டில் வேறு மேடைகள் இருந்திருக்கின்றன.

1962-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் பேச வேண்டும் என்ற எளிய நோக்கத்தோடு தொடங்கியது. சைலன்ட் வேலி நீர்மின் திட்டத்தின்போது அந்த அமைப்பு என்ன செய்தது? காட்டை எண்ணி உருகி மட்டும் நிற்கவில்லை. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த எம்.கே. பிரசாத் முதலியோர் எழுதினார்கள்; உயிரியலாளரும் பொறியாளரும் பொருளியலாளரும் சேர்ந்து ஆய்வறிக்கை தயாரித்தார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டாமா என்ற மின்வாரியத்தின் கேள்விக்கு மாற்றுக் கணக்கால் விடை சொன்னார்கள். சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். கலை, அறிவியல், கல்வி, செயற்பாடு என்று இன்றைய சுவரொட்டி நான்கு பெட்டிகளாகப் பிரிக்கும் அனைத்தும் அங்கே ஒரே வாதத்தின் நான்கு உறுப்புகளாக இருந்தன. கவிஞரும் வாதத்துக்குள் நின்றார். அறிவியலாளரும் தெருவில் நின்று கேள்விகளுக்கு விடை சொன்னார். 1984-இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராமப்புற ஆசிரியர்களோடு அமர்ந்தார்கள். ஆசிரியர்கள் வகுப்பறை அனுபவத்தைக் கொண்டு பாடங்களை மறுத்தார்கள். பாடங்கள் திருத்தி எழுதப்பட்டன. சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் குழந்தைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதினார்கள், விடைகளும் போயின. முப்பது ஆண்டுகள் நடந்து, பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு மூடியது. அதை மூடியதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. கேள்வி கேட்கும் உரிமையைக் குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுத்த ஏற்பாடு நிர்வாகத்துக்கு எப்போதும் தொல்லைதான் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வறட்சி நிவாரண வேலைகளின் வருகைப் பதிவேடுகள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி. கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு. பெயர் படிக்கப்பட்டவர் எழுந்து, தம் பேச்சுமொழியில், “நான் அந்த வேலைக்குப் போகவில்லை” என்றார். அங்கே அவர் உள்ளூர்ப் பேச்சாளர். அவரது பேச்சு ஆவணத்தோடு ஒப்பிடப்பட்டது, பிறரால் சரிபார்க்கப்பட்டது. அதனாலேயே அதற்கு வலிமை இருந்தது. அந்த விசாரணைகளில் பிறந்த கோரிக்கை 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. இந்திய ஆய்வாளர்கள் இன்று தங்கள் ஆய்வேடுகளுக்காக எழுதும் தகவல் உரிமை விண்ணப்பம் ஒவ்வொன்றின் பின்னாலும், படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியின் சாட்சியம் இருக்கிறது. அவர்களுக்குப் பதினெட்டு நிமிடம் கொடுத்துக் கைதட்டி அனுப்பியிருந்தால் அந்தச் சட்டம் பிறந்திராது.

இம்மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: பேசியவரிடம் கேட்டார்கள், பேசியவரும் திருப்பிக் கேட்டார்.

இதற்கு மறுப்புகள் வரும். வர வேண்டும்.

முதல் மறுப்பு: பல மாநில மாணவர்கள் அமர்ந்திருக்கும் அரங்கில் பொதுமொழி தேவை. உண்மை. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. பேச்சாளரின் மொழியைப் பறிப்பது தேவையில்லை. வெளிநாட்டு அறிஞர் தம் மொழியில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் பல்கலைக்கழகம், சந்தாலி பேசுபவருக்கு அதைச் செய்யாததற்குச் செலவு காரணமாக இருக்க முடியாது. பல இடங்களில் நடப்பது இன்னும் மோசம். அதே சமூகத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தியை மேடைக்கு அழைத்து, ஊதியமும் தயாரிப்பும் இன்றி மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். அவள் திணறினால் அரங்கு சிரிக்கிறது. அன்றிலிருந்து அவள் தன் தாய்மொழியைத் துறையில் உச்சரிப்பதில்லை.

இரண்டாம் மறுப்பு வலுவானது: உள்ளூர் அறிவு என்ற பெயரில் எதையும் ஏற்றுக்கொள்ள முடியுமா? மூலிகையால் எல்லா நோயும் தீரும் என்று ஒருவர் மேடையில் சொன்னால் கைகட்டிக் கேட்க வேண்டுமா? வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் வாதமே அதுதான். கேள்வியற்ற மரியாதை தவறான கூற்றையும் சரியான கூற்றையும் ஒரே சால்வையால் மூடுகிறது. பிழையாகச் சொன்னவர் திருத்தப்படாமல் போகிறார். நுட்பமாகச் சொன்னவர் அடையாளம் காணப்படாமல் போகிறார். உள்ளூர் என்பதற்காக ஒன்றைப் போற்றுவதும் உள்ளூர் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

மூன்றாம் மறுப்பு: அரசும் பல்கலைக்கழகங்களும் ஏற்கெனவே இவர்களைப் போற்றுகின்றனவே, பத்ம விருதும் மதிப்புறு முனைவர் பட்டமும் தருகின்றனவே. கர்நாடகத்தின் ஹாலக்கி சமூகத்தைச் சேர்ந்த துளசி கௌடா 2021 நவம்பரில் வெறுங்காலோடு சென்று குடியரசுத் தலைவரிடம் பத்மஸ்ரீ பெற்ற படம் நாடெங்கும் பகிரப்பட்டது. வனத்துறை நாற்றங்காலில் பல பத்தாண்டுகள் தினக்கூலியாக உழைத்தவர் அவர். எந்த மரம் தாய்மரம், அதன் விதையை எப்போது எடுக்க வேண்டும், எப்படி முளைக்கவைக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த தேர்ச்சியை வனத்துறையினரே வியந்து சொல்லியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் அவர் இறந்தார். அவருடைய பாதங்களைப் பற்றி எழுதப்பட்ட பதிவுகளின் அளவுக்கு அவருடைய விதைத் தேர்வு முறையைப் பற்றி எழுதப்பட்டனவா? ஒடிசாவின் ஹல்தர் நாக் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சம்பல்புரியில் எழுதும் கவிஞர். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். ‘மூன்றாம் வகுப்பு’ என்பது அவரைப் பற்றிய ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் வருகிறது. அவருடைய யாப்பு எந்த வரியில் வருகிறது? விருது தவறு என்பதன்று. வியப்பு ஒருவகை விலக்கம். “இவ்வளவு படிக்காதவர் இவ்வளவு செய்துவிட்டாரே” என்னும் வாக்கியத்தில், படித்தவரின் இடம் அசையாமல் இருக்கிறது.

நான்காம் மறுப்பு: கொள்கை அளவில் வழி திறந்துவிட்டது. ஆம், திறந்திருக்கிறது. உள்ளூர்க் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் கைவினைஞர்களையும் பயிற்றுநர்களாக அமர்த்தலாம் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. முனைவர் பட்டம் இல்லாத வல்லுநரையும் பேராசிரியராக அமர்த்தும் ‘நடைமுறைப் பேராசிரியர்’ பதவிக்கு 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை அவ்வாறு நிரப்பலாம். ஆனால் அதே வழிகாட்டுதல் பதினைந்து ஆண்டு அனுபவத்தை, அதுவும் மூத்த நிலையில் பெற்றதாக இருந்தால் நல்லது என்று கேட்கிறது. நாற்றங்காலில் முப்பது ஆண்டு தினக்கூலியாக இருந்தவரின் ‘மூத்த நிலை’ எது? தேர்வுக் குழு இச்சொல்லை நிறுவன மேலாளர் என்று படிக்குமா, நாற்றங்கால் தொழிலாளி என்று படிக்குமா? விடை தெரிந்த கேள்விதான்.

ஆகவே, உள்ளூர்ப் பேச்சாளரை அழைக்கும் எந்தத் துறையிடமும், எந்த மாணவர் மன்றத்திடமும் இவற்றைக் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும்.

ஒன்று. பேச்சாளர் எந்த மொழியில் பேசுவார் என்பதை அவரே முடிவுசெய்யட்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ஊதியமும் தயாரிப்புக்கு நேரமும் நிறுவனம் தரட்டும்.

இரண்டு. வெளியூர்ப் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியம், அதே பயணப்படி, அதே தங்குமிடம். தினக்கூலி பெறுபவருக்கு, மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கில் ஏறும் தொகை உதவாது. அன்றே தரப்பட வேண்டும்.

மூன்று. நேரத்தில் சரிபாதி கேள்விக்கு. அதில் பேச்சாளர் அவையினரைக் கேட்கும் நேரமும் அடங்கும். “நீங்கள் எங்கள் ஊரில் எடுத்த ஒலிப்பதிவு எங்கே?” என்று அவர் கேட்டால், துறைத்தலைவர் விடை சொல்லட்டும்.

நான்கு. கருத்தரங்கத் தொகுப்பில் அவருடைய உரை அவர் பெயரில், அவர் மொழியில், மொழிபெயர்ப்போடு அச்சாகட்டும். அவருடைய பதிவைக் கொண்டு கட்டுரை எழுதுபவர் அவரை நன்றியுரையில் ஒதுக்காமல், பங்களிப்புக்கு ஏற்ப ஆசிரியராகச் சேர்க்கட்டும்.

ஐந்து. சால்வையை விட்டுவிடலாம். அந்தப் பணம் மொழிபெயர்ப்பாளருக்கு உதவும்.

இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. ஒரு கருத்தரங்கு தன் சக அறிஞருக்கு அன்றாடம் செய்பவைதாம். இவற்றைச் செய்ய மனமில்லாத துறை, உள்ளூர்ப் பேச்சாளரை அழைக்காமல் இருப்பதே நேர்மை. ஆண்டறிக்கையில் ‘சமூகத் தொடர்பு’ என்ற தலைப்பின் கீழ் நிரப்ப ஒரு புகைப்படம் குறையும், அவ்வளவே.

அடுத்த முறை அரங்கில் உள்ளூர்ப் பேச்சாளர் ஒருவர் பேசி முடித்து, எல்லாரும் கைதட்ட எழும்போது, மாணவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடி கை உயர்த்தட்டும். “ஐயா, நீங்கள் சொன்னதில் ஓரிடம் எனக்குப் புரியவில்லை. அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்கட்டும். கைதட்டல் சற்றுத் தயங்கும். நிகழ்ச்சித் தொகுப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். மேடையில் நிற்பவர், அநேகமாக அன்றுதான் முதன்முறையாக, விடை சொல்லத் தொடங்குவார்.